ஓணான் தானாகக் குதிக்கக் கூடாது

"சரி சார்" என்று ஏன் சொன்னாள்? பெஞ்சில் வந்து உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகியும் மாரீஸ்வரிக்கு அந்த இரண்டு சொல் மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. எவரிடமும் எதற்கும் "அதெப்படி?" என்று கேட்டுப் பழகிய வாய் அது. ஹாஸ்டல் மெஸ்ஸில் வியாழக்கிழமைச் சாம்பாரில் மட்டும் முருங்கைக்காய் ஏன் வெறும் தோலாகவே வருகிறது என்று வார்டனிடம் முக்கால் மணி நேரம் நின்று வாதாடிய வாய். நேற்று மத்தியானம் ஞானதுரை சாரின் அறையில் மட்டும் அதற்கு என்ன வந்தது? இரண்டு வருடமாக அவளுடைய கேம் புராஜெக்டுக்கு வழிகாட்டி அவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே பேசினார். "இங்க பாரு மாரீஸ்வரி. நாளைக்கு மார்க் போட வெளியிலருந்து வர்ற எக்ஸ்டர்னல் மேடத்துக்கு அம்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். அவங்க என்னைக்கு கேம் ஆடியிருக்கப் போறாங்க? உன் ஓணான் ரெண்டாவது பள்ளத்துலயே விழுந்து விழுந்து சாகும். பத்து நிமிஷத்துல மூணாவது லெவலக் கண்ணால பாக்கலேன்னா 'வேலை முடியவில்லை'ன்னு எழுதி வச்சுட்டுப் போயிருவாங்க. அப்புறம் நீ அடுத்த செமஸ்டர்தான். ஒண்ணு பண்ணு. நல்லா ஒருக்கா ஆடி அத ரெக்கார்ட் பண்ணி வச்சிரு. கீபோர்டுல எஃப் டூவ அமுக்குனா அது பாட்டுக்கு ஓடணும். ஜாய்ஸ்டிக்க மேடம் கையில குடுத்துரு. தான் ஆடுறதாவே நெனச்சுக்குவாங்க. சந்தோசமா மார்க் போடுவாங்க. யாருக்கு என்ன நட்டம்?" அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது இவள் சொன்னாள், சரி சார். சொன்னதோடு விட்டாளா? சாயங்காலமே லேபில் உட்கார்ந்து ஆடி, பதிவு செய்து, எஃப் டூவில் கட்டி வைத்துவிட்டும் வந்தாள். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. ஒரு தடவைகூடச் சாகாமல். தான் இதுவரை ஆடியதிலேயே சுத்தமான ஆட்டம் அதுதான் என்பதை நினைக்க நினைக்க இன்னும் எரிந்தது.

எதிரே லேப் கதவு சாத்தியிருந்தது. உள்ளே வைவாவில் கூடப் படிக்கிற தளவாய், அவன் புராஜெக்ட் மருத்துவமனை மேலாண்மை மென்பொருள். வருடா வருடம் இந்தத் துறையில் நான்கு பேராவது மருத்துவமனையை மேலாண்மை செய்துவிடுகிறார்கள், ஒரு மருத்துவமனையும் இதுவரை வந்து அதைக் கேட்டதில்லை. நோயாளி பெயர், வயது, வார்டு எண், சேமி. ஏதோ சொல்லி எல்லாரும் சிரிக்கிற சத்தம் கதவிடுக்கில் கசிந்தது. ஞானதுரை சாரின் சிரிப்பு தனியாகக் கேட்டது, பிரஷர் குக்கர் ஆவி விடுகிற மாதிரி. இவர்களுக்கு எல்லாம் ஓடினால் போதும். "ஓடுதா?" அதுதான் கேள்வி. யார் ஓட்டுவது என்று எவரும் கேட்பதில்லை. அவள் மடியில் லேப்டாப், அதன் மேல் ஜவுளிக்கடைப் பை, பைக்குள் ஒயர் சுற்றிய ஜாய்ஸ்டிக். ஒயர் இல்லாத ஜாய்ஸ்டிக் அவளுக்குப் பிடிக்காது. அதற்கும் காரணம் உண்டு, கேட்டால் அரை மணி நேரம் சொல்வாள், யாரும் கேட்பதில்லை. ஒயர் என்றால் கைக்கும் திரைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று இருக்கிறது. பிடுங்கினால் தெரியும். பிடுங்கியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கலாம். பையின் மேலாகவே ஒயரை விரலால் தடவிப் பார்த்தாள். பதினோரு மணி வெயில் வராந்தா தரையில் கம்பி கம்பியாக விழுந்து கிடந்தது, ஒவ்வொரு கம்பிக்கும் நடுவில் ஒரு பள்ளம். பெருக்க வந்த அக்கா ஒரு வெளிச்சத்திலிருந்து இன்னொரு வெளிச்சத்துக்குக் கால் வைத்துப் போனாள். நல்ல தாவல் என்று மாரீஸ்வரி நினைத்துக்கொண்டாள். இப்படித்தான், இரண்டு வருடமாக எதைப் பார்த்தாலும் இடைவெளிதான் கண்ணில் படுகிறது.

அவளுடைய ஓணான் பதினாறுக்குப் பதினாறு புள்ளி, நான்கு நிறம், அவ்வளவுதான். சிவகாசித் தெருவில் வரிசையாக மொட்டை மாடிகள், மாடிக்கு மாடி தாவ வேண்டும். பொத்தானைத் தொட்டு விட்டால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல். கால் தரையை விட்ட பிறகு திசை மாற்ற முடியாது. கிளம்பினால் கிளம்பியதுதான். மூன்று உயிர். மூன்றும் போனால் முதல் மாடி. நடுவில் சேமிக்கிற சங்கதியே இல்லை. முதல் பள்ளத்துக்குக் கீழே மட்டும் ஒரு கொடியில் வேட்டி காய்கிறது. அதில் விழுந்தால் அது தூக்கி மேலே எறிந்துவிடும். அங்கே விழுந்து விழுந்துதான் எவ்வளவு நேரம் அழுத்தினால் எவ்வளவு தூரம் என்று கை கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டாவது பள்ளத்துக்கு வேட்டி கிடையாது. இதை ஒரு வரி எழுதிப் போடாமல் திரையே சொல்லிக் கொடுக்கிறது, அதுதான் அதன் அழகு. ஞானதுரை சார் முதல் ரிவ்யூவிலேயே கேட்டார், இங்கே 'குதிக்க இந்தப் பொத்தானை அழுத்தவும்' என்று ஒரு பெட்டி வரட்டுமே, ஒரு அம்புக்குறி மின்னட்டுமே என்று. அம்புக்குறியாம். கல்யாண மண்டபத்துக்கு வழி காட்டுகிற மாதிரி. அம்புக்குறி போட்டால் ஆடுகிறவன் அம்புக்குறியைப் பார்ப்பானா பள்ளத்தைப் பார்ப்பானா? "திசை மாத்த முடியலேங்கிறது பழைய மெஷினோட குறை மாரீஸ், அதப் போயி நீ ரசனைங்கிற" என்று தளவாய் கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னபோது அவள் கேட்டாள், வெண்பாவுக்குத் தளை தட்டக் கூடாது என்பது யாருடைய மெஷினின் குறை? தட்டினால் தட்டியதுதான், அதனால்தான் தட்டாதபோது காது நிமிர்கிறது. தளவாய் டீயைக் குடித்தான். "ஆத்தா, உன்ட்ட ஆட வரல, டீ குடிக்க வந்தேன்." அப்போது ஜெயித்த மாதிரிதான் இருந்தது. பதில் சொல்லாமல் போகிறவனை ஜெயித்ததாகக் கணக்கில் எடுக்கலாமா? எடுக்கலாம். எடுத்தாள்.

அதைவிட அவளுக்கு ஆத்திரம் வருவது வேறொன்றில். பழைய பாணி என்று சொல்லிக்கொண்டு இப்போது வருகிற சில விளையாட்டுகள். மேலே எல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும், பழைய டிவியின் கோடுகூடத் திரையில் போட்டிருப்பான், பீப் பீப் என்று இசை, ஆகா. உள்ளே போனால் இரண்டு எட்டுக்கு ஒரு தடவை தானாகச் சேமிக்கும். விழுந்தால் விழுந்த இடத்திலேயே தூக்கி நிறுத்தி, தலையைத் தடவி, நாளைக்கும் வா, ஒரு வைரம் தருகிறேன் என்னும். புது வீட்டுக்குப் பழைய கதவை வாங்கி மாட்டுகிற பணக்காரத்தனம் அது. கதவு பழசு, உள்ளே எங்கும் ஏசி. அவளுக்குப் புள்ளிகள் மேல் ஆசையில்லை. மூவாயிரம் நிறத்தில் ஓணான் வரைய அவளுக்கும் தெரியும். புள்ளி எதற்கு என்றால் ஓரம் தெரிவதற்கு. மாடி எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். தெரிந்தும் விழுந்தால் தப்பு விழுந்தவன் பேரில். அப்படித் தன் பேரில் எழுதப்பட்ட தப்பு ஒன்று இந்த உலகத்தில் எவ்வளவு அபூர்வம் என்று யாருக்குத் தெரிகிறது? பரீட்சையில் தோற்றால் கேள்வித்தாள் சரியில்லை, பஸ் போனால் கண்டக்டர் சரியில்லை, பெண் வாதாடினால் வளர்ப்பு சரியில்லை. பள்ளத்தில் விழுந்தால் மட்டும்தான், நீ. வேறு யாரும் இல்லை, நீ. ஆனால், ஆனால் என்று உள்ளே ஒன்று முனகியது, நீயும் ஆறு ஃப்ரேம் வைத்திருக்கிறாயே.

அந்த ஆறு ஃப்ரேமைக் கண்டுபிடித்தது ஃபர்ஹானா, அறைத் தோழி, இவள் அளவுக்கே வாதாடுகிறவள். திரை ஒரு விநாடிக்கு அறுபது தடவை வரையப்படுகிறது, ஒரு தடவைக்கு ஒரு ஃப்ரேம். ஓணானின் கால் மாடி ஓரத்தைத் தாண்டிக் காற்றில் வந்துவிட்ட பிறகும் ஆறு ஃப்ரேம் வரைக்கும், அதாவது விநாடியில் பத்தில் ஒரு பங்கு, பொத்தானை அழுத்தினால் தாவல் செல்லும். இவள் யாரிடமும் சொல்லாமல் வைத்தது. ஃபர்ஹானா நிரலைப் புரட்டும்போது அந்த வரியில் விரல் வைத்தாள். "ஏய், என்னடி இது? கால் காத்துல இருக்கு, தரையில இருக்கிற மாதிரி எடுத்துக்கோங்கிற. கருணையே கிடையாது, கிளம்புனா கிளம்புனதுதான்னு மேடை போட்டுப் பேசுற, அடியில ஆறு ஃப்ரேம் லஞ்சம் குடுக்கிற." இவள் சொன்னாள், கண் பார்ப்பதற்கும் விரல் இறங்குவதற்கும் நடுவில் உடம்புக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்தைக் கழித்துக் கொடுப்பது நியாயம், லஞ்சமில்லை. "அப்ப எங்க அக்காவுக்கு எத்தன ஃப்ரேம் கழிப்ப?" என்றாள் ஃபர்ஹானா. அவள் அக்கா நஸீமாவுக்குக் கையில் நரம்புக் கோளாறு, பேனா பிடிக்கவே விரலுக்கு நேரம் ஆகும். நாலாவது நாள் இவள் முதல் திரையில் ஒரு வரி சேர்த்தாள். வேகம்: முழுசு, முக்கால், பாதி. உலகம் மெதுவாகட்டும். சூரியன் மெதுவாக நகரட்டும், வேட்டி மெதுவாக ஆடட்டும், ஓணான் மெதுவாக விழட்டும். ஆனால் அழுத்துவது நஸீமா அக்காதான். லீவில் வந்த நஸீமா அக்கா பாதி வேகத்தில் ஒரு மத்தியானம் முழுக்க ஆடினாள், பதினேழு தடவை செத்தாள், சாயங்காலம் "ஒன் ஓணான் ஒரு பேமானிடி" என்று சொல்லிவிட்டு மறுபடி ஸ்டார்ட்டை அழுத்தினாள். அது சரி. ஆனாலும் ஆறு ஃப்ரேம் ஏமாற்றுதானே? இல்லையா? எஃப் டூவும் ஏமாற்று, ஆறு ஃப்ரேமும் ஏமாற்று, ஒன்று சின்னது ஒன்று பெரிசு, அவ்வளவுதான் வித்தியாசம் என்றால் ஞானதுரை சார் கேட்டதில் என்ன தப்பு? யாருக்கு என்ன நட்டம்? இந்த இடத்தில் வந்ததும் நினைப்பு தேய்ந்த கேசட் மாதிரி நின்று நின்று ஓடியது. கேசட் என்றதும் சங்கிலி அண்ணன் வந்துவிட்டான்.

வராமல் இருப்பானா? நேற்றிலிருந்தே அவன்தான் மனசின் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறான். சங்கிலிராஜ், பெரியம்மா மகன், அருப்புக்கோட்டை. அப்போது அவனுக்குப் பதினாலு, இவளுக்கு ஏழு, முழுப் பரீட்சை லீவு. பெரியம்மா வீட்டு டிவி கேமில் ஒரு மஞ்சள் கேசட், வாயால் ஊதிச் சொருகினால்தான் படம் வரும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவனும் அவன் சேக்காளிகளும்தான். இவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்ப்பாள், அவர்கள் தாவும்போது இவளும் வலப்பக்கம் சாய்வாள், அதைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் காலை, பூரி தின்னக் கூப்பிட்டபோது, சங்கிலி அண்ணன் ஜாய்ஸ்டிக்கை இவள் கையில் வைத்தான். "ஆடு மாரீஸ்." திரையில் குல்லாய் போட்ட ஒரு குட்டி மனிதன் ஓடினான். இவள் அழுத்தினாள், அவன் குதித்தான். இவள் சாய்ந்தாள், அவன் போனான். "ஏ, சூப்பரா ஆடுறாளே" என்றார்கள் பூரியை வாயில் அடைத்துக்கொண்டு. அந்தக் காலை போல அதற்கு முன்னும் பின்னும் இவள் சந்தோசமாக இருந்ததில்லை. உடம்பு முழுக்க விரலாக இருந்தது. மூன்றாவது குழியில் விழுந்து செத்தான். மறுபடி ஓடினான், மறுபடி மூன்றாவது குழி. மறுபடி. ஒவ்வொரு தடவையும் அதே குழி, அதே இடத்தில் அதே தயக்கம். முழங்காலில் கொசு கடித்தது. சொறிவதற்காக ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்தாள், இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். அவன் குதித்தான். கையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். அவன் மறுபடி குதித்தான், இவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. யாரும் ஸ்டார்ட்டை அழுத்தாவிட்டால் அந்தக் கேம் தன்னைத்தானே ஆடிக் காட்டும், அதற்கு டெமோ என்று பெயர் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. அந்த நேரத்தில் தெரிந்தது ஒன்றுதான், நான் இல்லாமலே இது நடக்கிறது. அழவில்லை. மூன்றாவது குழியில் அவன் விழுகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அவர்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். லீவு முடிகிற வரைக்கும் அவள் பேர் டெமோ மாரீஸ். ஏமாந்தது பெரிதில்லை, சாய்ந்ததுதான் இன்றைக்கும் காது மடலைச் சூடாக்குகிறது. யாருமே கேட்காத ஒரு சாய்வு. மறுநாள் எல்லாரும் எழுவதற்கு முன்னால், பெரியம்மா வாசல் தெளிக்கிற நேரத்தில், தானே கேசட்டை ஊதிச் சொருகி, ஸ்டார்ட்டைத் தானே அழுத்தினாள். நாலு விநாடி. முதலில் வந்த நண்டிலேயே மோதிச் செத்தாள். அவள் அழுத்தாததால் செத்தது. அவளால் செத்தது. வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தாள், தண்ணி வாளியோடு எட்டிப் பார்த்த பெரியம்மா "என்னத்தப் புள்ள கண்ட?" என்றாள்.

என்னத்தைக் கண்டாள் என்று இப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறாள். லேப்டாப்பைத் திறந்தாள். இருக்கிறது, அந்தக் கோப்பு, ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. அதன் மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அழி. அழிக்க வேண்டியதுதானே? அடுத்த செமஸ்டர் என்றால் டிசம்பர். கோயம்புத்தூரில் ஆறே பேர் உட்கார்ந்து கேம் செய்கிற ஒரு கம்பெனி ஓணானைப் பார்த்துவிட்டு, ஜூலை ஒண்ணாம் தேதி சர்டிபிகேட்டோடு வாம்மா என்று சொல்லியிருக்கிறது. டிசம்பரில் வாம்மா என்று சொல்லவில்லை. அதுவரை வீட்டில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். தானாக. இந்தப் படிப்பே அப்படித்தானே வந்தது? பிரவுசிங் சென்டரில் சங்கிலி அண்ணன் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினான், "நீ சும்மா இரு மாரீஸ், நான் போடுறேன்" என்று டக் டக்கென்று தட்டினான், இவள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று சாய்ந்துகொண்டிருந்தாள். படிப்பு பிடித்துப்போனது வேறு விஷயம். பிடிக்காமல் போயிருந்தாலும் இதே பெஞ்சில்தான் இருந்திருப்பாள் என்பதுதான் அவள் பயம். படிப்பு, வேலை, மாப்பிள்ளை, வளைகாப்பு, எல்லாம் ஓடும், மூன்றாவது குழி வரைக்கும் அழகாக ஓடும், எல்லாரும் சூப்பரா ஆடுறாளே என்பார்கள், என்றைக்காவது கொசு கடித்துக் கையை எடுத்தால் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். சுட்டி கோப்பின் மேலேயே துடித்தது. அழிக்கவில்லை. ஜூலை ஒண்ணு. அழிக்க முடியவில்லை. லேப்டாப்பை மூடினாள். அப்போதுதான், மூடிய சத்தத்தோடு சேர்ந்து, அந்தப் பதில் வந்தது, மூன்று மாதமாக ஃபர்ஹானாவிடம் சொல்ல முடியாத பதில். ஆறு ஃப்ரேம் லேட்டாக வந்தவளை உள்ளே விடுகிறது. ஆனால் வந்திருக்க வேண்டும். அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தவே இல்லை என்றால் அறுபது ஃப்ரேம் கொடுத்தாலும் பள்ளம்தான். எஃப் டூவுக்கு நீ வந்தாயா வரவில்லையா என்பதே பொருட்டில்லை. சின்னது பெரிசு இல்லை ஃபர்ஹானா, ஒன்று காது வைத்துக் கேட்கிறது, இன்னொன்றுக்குக் காதே இல்லை. எவ்வளவு சுலபம். இதை நேற்று மூன்று மணிக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? கதவு திறந்தது. தளவாய் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தான். "ரொம்ப நல்ல மேடம்டி. ஒண்ணுமே கேக்கல." பின்னாலேயே அட்டெண்டர் அம்மா. "அடுத்து மாரீஸ்வரி யாரும்மா? வா வா, சாப்பாட்டு நேரம் வந்துரும்."

எக்ஸ்டர்னல் கோதைநாயகி மேடம் சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடியை மார்பில் தொங்கவிட்டு, நீலக் கோட்டாப் புடவையில், பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார். "கேமா? நல்லாருக்கே, உக்காரும்மா." இவள் ஒயரைச் சொருகினாள், ஜாய்ஸ்டிக்கை மேடத்தின் கையில் கொடுத்தாள், எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒரு வார்த்தை சொன்னாள். திரையில் ஓணான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. ஞானதுரை சார் இவளைப் பார்த்தார். இவள் எஃப் டூவைப் பார்த்தாள். கை போகவில்லை. சரி, தானே பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல அவர் மேசை மேல் குனிந்து, "ஆரம்பிங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு விரலை நீட்டினார். ஓணான் கிளம்பியது. மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அழுத்தினார், ஓணான் தாவியது, வேட்டிக்கு மேலாக, அலுங்காமல். இரண்டாவது பள்ளத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம் வந்தது, அது நேற்றுச் சாயங்காலம் மாரீஸ்வரியின் விரலில் இருந்த தயக்கம், அவளுக்கு அது தன் கையெழுத்து மாதிரி தெரிந்தது. தாண்டிவிட்டது. "பரவால்லியே சார், எனக்கும் வருதே" என்று மேடம் சிரித்தார். சிரித்துக்கொண்டே மூன்றாவது மாடிக்காக வலப்பக்கம் சாய்ந்தார். சாய்ந்தார். நீலப் புடவையின் தோள் முழுசாக வலப்பக்கம் இறங்கியது. பூரி வாசனை வந்தது. அந்த லேபில், பதினொன்றே முக்கால் மணிக்கு, மாரீஸ்வரிக்குச் சத்தியமாகப் பூரி வாசனை வந்தது. "மேடம், கைய எடுங்க." தன் குரல்தானா? "என்னம்மா?" "ஜாய்ஸ்டிக்க மேசையில வைங்க மேடம். வச்சுட்டுப் பாருங்க." ஞானதுரை சார் "மாரீஸ்வரி" என்றார், பெயரில் பாதி பல்லுக்கு உள்ளேயே நின்றது. மேடம் வைத்தார். ஓணான் நாலாவது மாடிக்குத் தாவியது. தண்ணித் தொட்டியில் ஏறியது. யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஐந்தாவது மாடிக்குத் தாவியது. "இது நேத்து நான் ஆடுனது மேடம். ரெக்கார்டு. நீங்க ஆடல." "டெமோ மேடம்," என்றார் ஞானதுரை சார், "அது ஒரு வசதிக்காக, சும்மா..." மேடம் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரைக்கும் பார்த்தார், மிச்சம் இருந்த அத்தனை விநாடியும். ஓணான் மூன்றாவது லெவலில் போய் நின்று தலையை ஆட்டியது. நட்டம் யாருக்கு என்று இப்போது அந்த முகத்தில் எழுதியிருந்தது, ஏழு வயசு முகம் அது, அம்பத்தஞ்சு வயசில் வந்து உட்கார்ந்திருந்தது. போச்சு, ஜூலை ஒண்ணு, கோயம்புத்தூர், எல்லாம் போச்சு என்று இவள் நினைத்து முடிப்பதற்குள் மேடம் கேட்டார். "நான் ஆடறதுக்கு எத அமுக்கணும்?"

"ஸ்டார்ட் மேடம்." வேட்டியில் விழுந்தார், வேட்டி தூக்கி எறிந்தது, மறுபடி விழுந்தார், மறுபடி எறிந்தது, ஐந்தாவது தடவை அழுத்திப் பிடித்துத் தாண்டினார். இரண்டாவது பள்ளத்தில் சின்னதாகத் தொட்டு விட்டு நேராகக் கீழே போனார். "செத்துருச்சா?" "செத்துருச்சு மேடம்." "நான்தானா?" "நீங்கதான் மேடம்." மேடம் ஏதோ நல்ல செய்தி கேட்ட மாதிரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வேகத்தக் கொறைக்கலாம் மேடம், பாதின்னு ஒண்ணு இருக்கு" என்றாள். "இருக்கட்டும்." இரண்டாவது உயிர், மூன்றாவது உயிர், முதல் மாடி. மறுபடி முதல் மாடி. ஞானதுரை சார் மணியைப் பார்த்தார், மதிப்பெண் தாளைப் பார்த்தார், இவளை மட்டும் பார்க்கவில்லை. இவளுக்கும் அவரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நேற்றுச் சொன்ன சரி சார் தொண்டையிலிருந்து எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை. அட்டெண்டர் அம்மா கதவைத் திறந்து "மேடம், டைம் ஆயிருச்சு, அடுத்த பையன் நிக்கிறான்" என்றாள். "இரும்மா" என்றார் மேடம், திரும்பாமல். ஓணான் ஓடியது, வேட்டியைத் தாண்டியது, இரண்டாவது பள்ளத்தின் ஓரத்துக்கு வந்தது, மேடம் அழுத்தவில்லை, அழுத்துங்க என்று சொல்ல வாய் வந்தது, சொல்லக் கூடாது, ஓணானின் முன்னங்கால் ஓரத்தைத் தாண்டிவிட்டது, பின்னங்காலும் தாண்டிவிட்டது, காற்றில் நிற்கிறது, ஆறு ஃப்ரேமில் ஒன்று. மேடத்தின் தோள் வலப்பக்கம் இறங்குகிறது. இரண்டு. மாரீஸ்வரியும் சாய்ந்திருக்கிறாள், இதற்கு மேல் சாய்ந்தால் மேசையில்தான் விழுவாள். மூன்று. மேடத்துக்குப் பின்னால், மதிப்பெண் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஞானதுரை சாரும் ஒரு விரற்கடை வலப்பக்கம் சாய்ந்திருக்கிறார். நாலு. மேடத்தின் கட்டைவிரல் இறங்கியது.